கடலில்லாத கொங்கில் நேவிக் கூட்டாளிகள்

கொங்கு நாட்டில் எந்தத் திசையில் நடந்தாலும் கடல் வராது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கொச்சிக்குப் போனால்தான் உப்புக்காற்று அடிக்கும். ஆனாலும் காங்கேயம், பல்லடம், கோபி, தாராபுரம், நாமக்கல் பக்கமெல்லாம் 'நேவிக்காரர் வீடு' என்று வழி சொல்கிற வீடுகள் உண்டு. மழையை நம்பிய மேட்டாங்காடு, நாலு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு ஏக்கர்கூட மிஞ்சாத நிலைமை, கையில் பள்ளிச் சான்றிதழ். இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து கடலையே பார்த்திராத பையன்கள் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கப்பற்படைக்குப் போனார்கள். என் அப்பாவும் அப்படிப் போனவர்தான். அதனால் இந்தக் கூட்டத்தைச் சின்ன வயதிலிருந்தே பக்கத்தில் இருந்து பார்த்து வருகிறேன்.

அவர்களில் ஒருவர் இறந்துவிட்டால் பங்காளிகளுக்குத் தகவல் போகிற அதே வேகத்தில் எங்கோ ஒரு ஊரில் இருக்கும் கப்பல் கூட்டாளிக்கும் தகவல் போகிறது. அவர் இன்னும் பத்துப் பேருக்குச் சொல்கிறார். பொழுது சாய்வதற்குள் சேலத்திலிருந்தும் கரூரிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். சொந்தமில்லை, ஒரே சாதியில்லை, ஒரே ஊருமில்லை. ஒரு கப்பலில் இரண்டு வருடம் ஒன்றாக இருந்ததுதான் தொடர்பு. அந்த இரண்டு வருடம் எப்படி ஐம்பது வருடத்துக்குத் தாங்குகிறது என்று நான் ரொம்ப காலமாக யோசித்திருக்கிறேன். நட்பு ராணுவத்திலும் உண்டு, விமானப்படையிலும் உண்டு. ஆனால் கப்பற்படையில் அந்த நட்புக்குக் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. நினைவைச் சுமந்து வைத்திருக்க அங்கே மனிதர்களை விட்டால் வேறு இடமே கிடையாது.

தரைப்படையோடு ஒப்பிட்டால் இது விளங்கும். கொங்கிலிருந்து மலையேறினால் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன். 1758-ல் தொடங்கிய மெட்ராஸ் ரெஜிமெண்டின் தலைமையிடம் அங்கேதான் இருக்கிறது. அந்த ரெஜிமெண்டில் சேர்ந்த சிப்பாய்க்குப் பெரும்பாலும் சேர்ந்தது முதல் ஓய்வு வரை அதே ரெஜிமெண்ட், அதே கொடி, அதே போர்முழக்கம். ஓய்வு பெற்று முப்பது வருடம் கழித்துப் பேரனைக் கூட்டிக்கொண்டு போய், "இங்கதான் டா தாத்தா டிரில் பண்ணுனது" என்று மைதானத்தைக் காட்டலாம். இறந்தவர்களுக்கு அங்கே நினைவுச் சின்னமும் இருக்கிறது. மாலுமிக்கு அந்த வசதி இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு வந்துவிடும். ஒரு கப்பல், அப்புறம் கரையில் ஒரு தளம், அப்புறம் இன்னொரு கப்பல். பழகிய ஆட்கள் ஒவ்வொரு முறையும் சிதறிப்போவார்கள். மாலுமிகளை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கிற அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அங்கிருந்து வரும் ஒரு தாள், பக்கத்துப் படுக்கைக்காரனை விசாகப்பட்டினத்துக்கும் உங்களைக் கொச்சிக்கும் பிரித்துப் போட்டுவிடும்.

போகட்டும், அந்தக் கப்பலாவது மிஞ்சுமா என்றால் அதுவும் மிஞ்சாது. 1961-ல் படையில் சேர்ந்த ஐஎன்எஸ் விக்ராந்த், 1971 போரில் வங்கக் கடலில் விமானங்களை ஏவிய கப்பல், 1997 ஜனவரி 31 அன்று ஓய்வு பெற்றது. கொஞ்ச காலம் மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. 2014-ல் உடைத்து இரும்பாக்கிவிட்டார்கள். அந்த இரும்பில் ஒரு பகுதியை வாங்கிப் பெட்ரோல் டேங்கில் சேர்த்து, 2016-ல் பஜாஜ் நிறுவனம் வி15 என்று ஒரு பைக் கொண்டுவந்தது. விக்ராந்தில் வேலை பார்த்த ஒருவர் ஈரோட்டில் அந்த வண்டியை வாங்கினார். அந்த வயதில் அவருக்குப் பைக் ஓட்டவே முடியாது. மகன்தான் ஓட்டினார். அவர் தினமும் காலையில் அதைத் துடைத்து வைப்பார். பெட்ரோல் டேங்கைத் துடைக்கும்போது மட்டும் கை மெதுவாகப் போகும். நான் பார்த்திருக்கிறேன்.

ஐஎன்எஸ் நீலகிரியின் கதை இன்னும் வலிக்கக்கூடியது. மேட்டுப்பாளையத்துக்காரன் வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற மலையின் பெயர் அந்தக் கப்பலுக்கு. மும்பை மசகான் தளத்தில் கட்டப்பட்டு 1972-ல் படையில் சேர்ந்த போர்க்கப்பல், உள்நாட்டில் கட்டிய ஃப்ரிகேட் வகையில் முதலாவது. 1996-ல் ஓய்வு கொடுத்தார்கள். மறு வருடம் ஏவுகணைப் பயிற்சிக்கு இலக்காக வைத்துக் கடலிலேயே மூழ்கடித்தார்கள். படையின் கணக்கில் அது முறையான முடிவுதான். ஆனால் அதன் எஞ்சின் அறையில் வேர்வை சிந்தியவர்களுக்கு, திரும்பிப் போய்ப் பார்க்க ஒரு துண்டு இரும்புகூட மிஞ்சவில்லை. பழைய கப்பலின் பெயரைப் புதுக் கப்பலுக்குச் சூட்டுவது கப்பற்படை வழக்கம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற நம் ஊர் வழக்கத்துக்கு இது பழக்கப்பட்டதுதான். புது விக்ராந்த் 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் சேர்ந்தது. புது நீலகிரி 2025 ஜனவரி 15 அன்று மும்பையில் சேர்ந்தது. அன்றைக்கு இங்கே பட்டிப் பொங்கல். பட்டியில் மாட்டுக்குப் பொங்கல் ஊட்டிவிட்டு வந்து, பழைய நீலகிரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுக்கொண்டார்கள்.

கொங்குக்கும் கப்பற்படைக்கும் தொடர்பே இல்லை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு மூன்று தகவல்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானத் தளங்கள் கோவையிலும் சூலூரிலும் இருந்தன. கோவையில் இருந்ததற்குக் கருடா என்று பெயர், அங்கே விமானங்களைப் பழுது பார்த்தார்கள். சுதந்திரத்துக்குப் பின், விக்ராந்துக்கு வாங்கிய சீ ஹாக் ஜெட் விமானங்களுக்கான தளம் 1961-ல் ஐஎன்எஸ் ஹன்சா என்ற பெயரில் சூலூரில்தான் தொடங்கியது. கோவா விடுதலைக்குப் பிறகு 1964-ல் அது கோவாவிலுள்ள டபோலிமுக்குப் போனது. கோவை ரெட்ஃபீல்ட்ஸில் இருக்கும் ஐஎன்எஸ் அக்ரணி இன்றும் மாலுமிகளுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி தருகிறது. அதனால் பஞ்சாப்காரரோ ஒடிசாக்காரரோ, 'பெட்டி ஆபீசர்' என்கிற மூத்த மாலுமிகள் ஏராளமான பேருக்குக் கோயமுத்தூர் தெரிந்த ஊர். 'சம் நோ வருணஹ', வருணன் நமக்கு நன்மை செய்யட்டும் என்ற கப்பற்படையின் முழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தவர் ராஜாஜி. சேலத்தில் வக்கீலாக இருந்து, அந்த ஊர் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர்.

சரி, நட்புக்கு வருவோம். அது எப்படி உருவாகிறது என்பதைக் கப்பலின் அமைப்பிலிருந்துதான் புரிந்துகொள்ள முடியும்.

மாலுமிகள் தூங்குவது, சாப்பிடுவது, துணி வைப்பது எல்லாம் மெஸ்டெக் என்கிற ஒரே கூடத்தில். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றடுக்குப் படுக்கை. மேலே படுத்திருப்பவன் புரண்டால் கீழே தெரியும். யாருக்குக் கடிதம் வந்தது, யாருக்கு வரவில்லை, யார் ராத்திரி அழுதான் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். வேலை நாலு மணி நேர வாட்ச் கணக்கில் ஓடும். நள்ளிரவு பன்னிரண்டு முதல் நாலு வரை மிடில் வாட்ச். அந்த நாலு மணி நேரம் கூட நிற்பவனோடு பேசாமல் இருக்க முடியாது, பேசாவிட்டால் தூக்கம் சொக்கும். பழைய நீராவிக் கப்பல்களின் பாய்லர் அறையில் சட்டை உடம்போடு ஒட்டிப்போகும் சூடு. ஒரு வால்வை ஒருவன் தவறாகத் திறந்தால் பக்கத்தில் நிற்பவன் வெந்துபோவான். கப்பலில் தண்ணீர் புகுந்தால் நீர்புகாக் கதவுகளை அடைத்தாக வேண்டும். உள்ளே ஆள் இருந்தாலும் அடைக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கப்பலே போய்விடும். இந்த விதியைப் பயிற்சியிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். பதினேழு பதினெட்டு வயதில் இதைக் கேட்டுவிட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவனோடு ராத்திரி ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் இவர்கள். சாதாரணமாகப் பழகிய நட்பு இந்த அளவுக்குப் போகாது என்பது என் எண்ணம்.

கப்பலில் பார்த்த வேலைப் பிரிவும் பெயர் கொடுக்கும். எஞ்சின் அறைக்காரர் ஸ்டோக்கர், ரேடியோக்காரர் ஸ்பார்க்கர். எழுபது வயதுக்கு மேலும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். பேரன் கல்யாண மண்டபத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவரை, "ஏ ஸ்டோக்கர், இங்க வா" என்று ஒருவர் கூப்பிட, சம்பந்தி வீட்டார் திகைத்துப் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன். மற்ற எல்லாரும் அவரை 'வாங்க போங்க' என்றுதான் பேசுவார்கள்.

நினைவு கூர்தல் என்று வந்தால் 1971 டிசம்பரைத் தாண்டிப் போக முடியாது. டிசம்பர் 4 கப்பற்படை நாள். அன்றிரவு நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கியதைக் கொண்டாடும் நாள். ஊர்வலம், விருந்து எல்லாம் அன்றைக்குத்தான். ஆனால் எனக்குத் தெரிந்த பழைய மாலுமிகள் குரலைத் தாழ்த்திப் பேசுகிற நாள் டிசம்பர் 9. அன்றிரவு டையூவுக்கு அப்பால் ஐஎன்எஸ் குக்ரியை, ஹங்கோர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி டார்பிடோவால் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். தப்பியவர்கள் 67 பேர். கேப்டன் மகேந்திர நாத் முல்லா தன் லைஃப் ஜாக்கெட்டை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனார். அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. சுதந்திர இந்தியா போரில் இழந்த முதல் போர்க்கப்பல் அது. கப்பலோடு போனவர்களின் உடல் வீட்டுக்கு வரவில்லை.

உடல் வராத சாவு நம் பக்கத்தில் எவ்வளவு பெரிய சங்கடம் என்பது எல்லாருக்கும் தெரியும். குளிப்பாட்ட முடியாது, கோடி போட முடியாது, கொள்ளி வைக்க முடியாது. வீரனுக்குக் கல் நட்டுக் கும்பிட்ட நாடு இது. அண்ணமார் சாமிக்குப் படுகளம் போட்டு, விழுந்தவர்களை எழுப்புகிற சடங்கை இன்றும் விடாமல் நடத்துகிற மக்கள். தீரன் சின்னமலைக்கு ஆடிப் பெருக்கன்று சங்ககிரியிலும் ஓடாநிலையிலும் மாலை போடுகிறோம். இந்த நினைவுகளுக்கெல்லாம் ஒரு கல், ஒரு கோட்டை, ஒரு களம் என்று நிலத்தில் ஒரு இடம் இருக்கிறது. கடலில் போனவனுக்கு எங்கே கல் நடுவது? டையூவில் ஒரு மேட்டின்மேல் கண்ணாடிக் கூண்டுக்குள் குக்ரியின் சிறு மாதிரியை வைத்து நினைவிடம் கட்டியிருக்கிறார்கள், நல்லது. ஆனால் காங்கேயத்திலிருந்து டையூ எவ்வளவு தூரம்! இங்கே அந்த நினைவிடத்தின் வேலையைச் செய்வது, இறந்தவனோடு வாட்ச் நின்ற இன்னொருவனின் ஞாபகம்தான். அவர் வந்து உட்கார்ந்து, "உங்கப்பா ராத்திரி வாட்ச்ல நிலா கும்மிப் பாட்டுப் பாடுவாருங்க தம்பி" என்று சொன்னால், அப்பாவைப் பார்த்தே இராத பிள்ளைக்கு அது மட்டும்தான் கிடைக்கும்.

நம் உறவு முறையில் இந்தக் கூட்டாளிக்கு என்ன இடம் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். கொங்கில் உறவுக்கு இரண்டு வாசல்தான். ஒன்று பங்காளி, இன்னொன்று மாமன் மச்சான். எழவு வீட்டில் யார் எதைச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் இந்த இரண்டுக்குள்ளேயே பங்கு பிரிக்கப்பட்டிருக்கும். கப்பல் கூட்டாளிக்கு அதில் எழுதிவைத்த வேலை எதுவும் இல்லை. ஆகவே அவர்களே ஒரு இடத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். வெள்ளைச் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வருகிறார்கள். சொந்தக்காரர்கள் சடங்கு முடித்து நகர்ந்ததும் மலர்வளையம் வைத்து, வரிசையாக நின்று ஒரு சல்யூட். ஒரு நிமிடம்கூட ஆகாது. முதலில் இதை வேடிக்கை பார்த்த ஊர்க்காரர்கள் இப்போது அவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள். "நேவிக்காரங்க இன்னும் வர்லீங்களே, கொஞ்சம் பொறுங்க" என்று பெரியவர்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

சாஸ்திரத்திலும் ஒரு சின்ன வாசல் திறந்திருக்கிறது. மகாளய பட்ச நாட்களில் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது, பெற்றோர் வழி முன்னோர்களோடு காருணிய பித்ருக்கள் என்று குரு, நண்பர் போன்றோரையும் சேர்த்துக்கொள்ளலாம். பவானி கூடுதுறையில் சில பழைய மாலுமிகள் அந்த நேரத்தில் கூட்டாளிகளின் பெயரைச் சொல்கிறார்கள். கோத்திரம் தெரியாது, சிலருக்கு மதமே வேறு. பெயர் மட்டும் சொன்னால் போதும் என்கிறார் ஐயர். காவிரியில் விட்டது எப்படியும் பூம்புகாரில் கடலுக்குப் போய்ச் சேரும்.

முன்னாள் படைவீரர் நாள் ஜனவரி 14. ஃபீல்ட் மார்ஷல் கரியப்பா 1953-ல் ஓய்வு பெற்ற நாளை வைத்து அதைத் தேர்ந்தார்கள். நமக்கு அது போகியோ பொங்கலோ ஆகிவிடுகிறது. அன்றைக்குக் காட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு யாரும் கூட்டத்துக்கு வர மாட்டார்கள். அதனால் நடைமுறையில் இங்கே டிசம்பர் முதல் வாரம்தான் கூடுகிற நேரம். 4-ம் தேதி கப்பற்படை நாள், 7-ம் தேதி கொடி நாள்.

ஆனால் கூட்டத்தையும் மாலையையும் விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு ஒன்று. நினைவு கூர்தலின் உண்மையான வேலை காரியம் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. ஒரு கூட்டாளி திரும்பவும் அந்த வீட்டுக்கு வருகிறார். இந்த முறை பதக்கம் இல்லை, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், மூக்குக் கண்ணாடி. திண்ணையில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்கிறார்: "ஏனுங்க்கா, அண்ணன் பென்ஷன் ஆர்டரை எங்க வெச்சிருந்தாருங்க?"

இரும்புப் பெட்டியைத் திறக்கிறார்கள். துவைத்த வேட்டிகளுக்கு அடியில் டிஸ்சார்ஜ் புத்தகம், மடித்து மடித்துக் கிழிந்த பி.பி.ஓ. என்கிற பென்ஷன் ஆர்டர், பழைய குரூப் போட்டோ. இறந்தவருக்கு வந்துகொண்டிருந்த பென்ஷனை நிறுத்தி, மனைவிக்குக் குடும்பப் பென்ஷனாக மாற்ற வேண்டும். சாதாரண விகிதத்தில் அது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். மனைவியின் பெயர் பதிவேட்டில் இருந்தால் சிக்கல் இல்லை. இல்லாவிட்டால், அல்லது வேறு மாதிரி இருந்தால், அங்கேதான் மாதக்கணக்கில் இழுக்கும். ஐம்பது வருடத்துக்கு முன்னால் எழுத்தர் ஒருவர் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதிய பெயர் 'சரசு' என்றிருக்கும். ஆதாரில் 'சரஸ்வதி'. வாக்காளர் அட்டையில் இனிஷியல் வேறு. பிறந்த தேதி யாருக்கும் சரியாகத் தெரியாது. இதையெல்லாம் ஒழுங்கு செய்து, படைவீரர் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் ஏற்றி, வருடா வருடம் உயிர்ச் சான்று கொடுக்கப் பழக்கி, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், 2003-ல் வந்த முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்ட அட்டையை மாற்றி வாங்கி, ஓய்வுக்குப் பின்னும் தொடரும் குழுக் காப்பீட்டில் ஏதாவது வருமா என்று பார்த்து, எல்லாம் முடிய மாதங்கள் ஆகும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு எழுத்து மாறியிருந்ததால் அலுவலகம் அலுவலகமாக அலைச்சல். அந்த அம்மா கைவிடும் நிலைக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் பஸ் ஏறி அவரோடு போனவர், அவர் வீட்டுக்காரரோடு ஒரே கப்பலில் எஞ்சின் அறையில் இருந்தவர். தனக்கே முட்டி வலி, படியேற முடியாது. கடைசியில் பாக்கித் தொகையோடு பென்ஷன் வந்தது. அந்த அம்மா இனிப்பு வாங்கிக்கொண்டு போனபோது, "அவன் எனக்கு இதை விட அதிகமாச் செஞ்சிருக்கானுங்க" என்று மட்டும் அந்தக் கூட்டாளி சொன்னாராம். என்ன செய்தார் என்பதை அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

ஆகவே இந்தக் கட்டுரையைப் படிக்கும் நேவிக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அப்பா இருக்கும்போதே அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் பென்ஷன் பதிவேட்டிலும் ஆதாரிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவுக்கு 80 வயது முடிந்திருந்தால் பென்ஷன் 20 சதவீதம் கூடியிருக்க வேண்டும், கூடியிருக்கிறதா என்று பாருங்கள். அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரின் போன் நம்பரையாவது தனியாக எழுதி வையுங்கள். பழைய குரூப் போட்டோவின் பின்பக்கத்தில் யார் யார் என்று அவரைக் கேட்டுப் பென்சிலால் குறித்து வையுங்கள். அவர் போய்விட்டால் அந்த முகங்களுக்குப் பெயர் சொல்ல வீட்டில் ஆள் இருக்காது.

இந்தக் கட்டமைப்பு எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது எனக்கு உள்ளபடியே கவலை. முன்பு 15 வருடம் முடித்தால் பென்ஷன். அதற்குள் ஒருவன் பல கப்பல் பார்த்திருப்பான், ஒவ்வொன்றிலும் நாலு உயிர் நண்பர்கள் சேர்ந்திருப்பார்கள். ஓய்வுக்குப் பின்னும் ஒரே பென்ஷன், ஒரே கேன்டீன், ஒரே மருத்துவமனை என்று அடிக்கடி சந்திக்கக் காரணங்கள் இருந்தன. 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் நாலே வருடம். நாலில் ஒரு பங்கு வரைதான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை. ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரையில் இருக்கும் பயிற்சித் தளத்திலிருந்து அக்னிவீரர்களின் முதல் அணி 2023 மார்ச்சில் வெளியே வந்தது. மாலுமியாகப் பெண்களும் வந்தது அந்த அணியில்தான். நம் பக்கத்துப் பிள்ளைகளும் இனி இப்படித்தான் போய் வருவார்கள். இருபத்திரண்டு வயதில் ஊர் திரும்பித் திருப்பூரில் வேலை தேடப்போகும் ஒருவனை, நாற்பது வருடம் கழித்து அவன் கப்பல்காரன் தேடி வருவானா? மெஸ்டெக்கும் மிடில் வாட்ச்சும் அவனுக்கும் உண்டு, அதனால் நட்பு உருவாவதில் சந்தேகமில்லை. அதைக் கட்டிக் காத்த பென்ஷன் வரிசையும் மருத்துவமனைப் பெஞ்சும் அவனுக்கு இல்லை. பழைய மாலுமிகள் சிலர் இதை இப்போதே யோசித்து, விடுப்பில் வரும் பையன்களைத் தங்கள் டிசம்பர் கூட்டத்துக்குக் கூப்பிடத் தொடங்கியிருக்கிறார்கள். போன முறை இரண்டு பையன்கள் வந்தார்கள். பெரியவர்கள் அவர்களிடம் முதலில் கேட்டது, எந்தக் கப்பல், எந்த மெஸ், பக்கத்துப் படுக்கையில் யார் என்பதுதான்.